ஒரு வளவில் எத்தனை குடும்பம்?

மகளின் வீட்டுக்கு இடப்பக்கமாக இருக்கும் வீட்டுக்காரிக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். 1974இலிருந்து அதே வீட்டில்தான் இருக்கிறாராம். கணவர் காலமாகிப் பல வருடங்கள். 2022இல் நானும் மனைவியும் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், தன் மரத்தில் காய்த்த எலுமிச்சம்பழங்களைக் கடதாசிப் பையொன்றில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். மனைவி அன்றே பாதியை ஊறுகாய் போட்டுவிட்டாள். நல்ல மனுசி. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. ஏனென்றால் இனி வரும் பந்திகளில் அவர் எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கப்போகிறார்.

மகளும் மருமகனும் தங்கள் பின்வளவில் எங்களுக்கென்று 800 சதுர அடியில் ஒரு சிறிய வீடு கட்ட யோசித்திருந்தார்கள். ஓர் அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. வருடத்தில் சில மாதங்களாவது நாங்கள் அங்கே போயிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. செய்தி கேள்விப்பட்டதும் அந்த அம்மா வேலியோரம் வந்து மகளுடன் கதைத்தார். கோபமில்லை, கவலைதான். ஒரு வளவுக்கு ஒரு குடும்பம் என்றிருந்த தெரு இது, அதை நம்பித்தான் தானும் கணவரும் இங்கே வீடு வாங்கினோம் என்றார். கார்கள் கூடும், வெயில் மறைபடும் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "உன் பெற்றோர் வந்திருப்பது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாளைக்கு அந்த வீட்டில் யார் இருப்பார்கள்?" என்று கேட்டார்.

அவர் போனபின், "என்ன வாப்பா, ஒண்டும் பேசாம நிண்டுட்டீங்க?" என்றாள் மகள். நான் என்னத்தைப் பேசுவது? அந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் புதியதல்ல. ஒன்பது வருடங்களுக்கு முன்னர் அதையே நான் என் கைப்பட எழுதியிருந்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்க நகரங்களைப் படங்களில் மாத்திரம் பார்த்தவர்களுக்கு வானளாவும் கட்டடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். உண்மையில் அந்நாட்டின் பல நகரங்களில், குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில், மிக அண்மைக்காலம்வரை ஒரு காணியில் ஒரு குடும்பத்துக்கான தனி வீட்டைத் தவிர வேறெதையும் கட்டுவது சட்டவிரோதமாக இருந்தது. தொடர்மாடி கூடாது. சுவரை ஒட்டிக் கட்டிய இரட்டை வீடு கூடாது. கீழே கடை, மேலே வீடு என்பதும் கூடாது. இவற்றோடு காணியின் ஆகக்குறைந்த அளவுக்கும் விதி, வேலியிலிருந்து சுவர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கும் விதி, எத்தனை கார் நிறுத்த இடம் விடவேண்டும் என்பதற்கும் விதி. ஒரு வீட்டுக்கு 6,000 சதுர அடி என்பது அங்கே சாதாரணமான அளவு. எங்கள் கணக்கில் 22 பேர்ச். சில புறநகரங்களில் ஓர் ஏக்கர், அதாவது 160 பேர்ச் வேண்டும். எங்கள் நாட்டின் 1986ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் ஒழுங்குவிதிகள் 150 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 6 பேர்ச், இருந்தாலே தனிக்காணியாகப் பிரிக்க இடம்கொடுத்தன. அதற்கும் கீழே போய்விட்ட துண்டுகள் எங்கள் கரையோர ஊர்களில் எத்தனை என்பது வாசகருக்குத் தெரியாததல்ல.

ஒரு வீட்டுக்கு இவ்வளவு நிலம் வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டால், அவ்வளவு நிலம் வாங்க வசதியில்லாதவர் இங்கே வரவேண்டாம் என்று தனியாக எழுதத் தேவையில்லை.

இந்த விதியின் பிறப்பைப் பார்த்தால் அதன் குணம் கொஞ்சம் விளங்கும். 1910இல் பால்டிமோர் நகரம் எந்தத் தெருத் தொகுதியில் வெள்ளையர் குடியிருக்கலாம், எதில் கறுப்பர் குடியிருக்கலாம் என்று வெளிப்படையாகவே சட்டம் போட்டது. வேறு நகரங்களும் அதைப் பார்த்துச் செய்தன. 1917இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தின் அத்தகைய சட்டமொன்றை அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. நிறத்தைச் சொல்லித் தெருவைப் பிரிக்க முடியாது என்றாயிற்று. கட்டடத்தைச் சொல்லிப் பிரிக்கலாம் அல்லவா? அதற்கு முந்திய வருடமே கலிபோர்னியாவின் பேர்க்லி, தனிக் குடும்ப வீடுகளுக்கென்று வலயம் ஒதுக்கிய முதல் நகரங்களுள் ஒன்றாகிவிட்டிருந்தது. இப்படிச் சட்டம் செய்த எல்லோரும் நிறவெறியர் என்று நான் சொல்லமாட்டேன். தோல் பதனிடும் ஆலைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வளரக்கூடாது என்று நினைத்த நல்லவர்களும் அவர்களுள் இருந்தார்கள். இரண்டு வகையினரும் ஒரே மகஜரில் கையொப்பம் வைத்தார்கள், அவ்வளவுதான்.

வலயப்படுத்தல் அரசியலமைப்புக்கு உடன்பட்டதா என்ற கேள்வி 1926இல் தீர்ந்தது. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லண்ட் நகருக்கு அயலில் இருக்கும் யூக்ளிட் என்ற சிற்றூருக்கு எதிராக, அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த காணி நிறுவனமொன்று வழக்குத் தொடுத்திருந்தது. கீழ்நிலை நீதிமன்றத்தில் நீதிபதி வெஸ்டன்ஹேவர் 1924இல் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டார். இதன் விளைவு மனிதர்களை அவர்களது வருமானத்தையும் வாழ்க்கை நிலையையும் வைத்துத் தரம்பிரித்து ஒதுக்குவதுதான் என்று அவர் கண்டார். உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அதை மாற்றி ஊருக்குச் சார்பாகத் தீர்த்தது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் சதர்லண்ட், தனி வீடுகளுக்கு நடுவே வரும் தொடர்மாடி வீட்டை ஒட்டுண்ணி என்ற பொருளில் வர்ணித்தார். அது மற்றவர்கள் விட்டுவைத்த காற்றையும் வெளிச்சத்தையும் தின்று வளர்கிறது என்பது அவருடைய கருத்து. ஒட்டுண்ணி என்றது கட்டடத்தைத்தான். ஆனால் கட்டடத்துக்குள் ஆட்கள் இருப்பார்கள்.

கிழக்கிலங்கைக் கரையில் வாழ்க்கைப்பட்டவனுக்கு இந்தத் தனிக் குடும்பம் என்ற சொல்லே தொண்டைக்குள் இறங்குவதில்லை. எங்களிடம் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பெரிய வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் அதே வளவின் பின்பக்கம் இரண்டறை வீட்டுக்குப் போனோம். மறுபக்கத்தில் மனைவியின் சாச்சி, அவருடைய மகள், மருமகன், பிள்ளைகள். மூன்று குசினி, ஒரு கிணறு. இது எத்தனை குடும்பம் என்று கேட்டால் எங்களுக்கே பதில் சொல்லத் தெரியாது. 2004 கடற்கோளுக்குப் பிறகு நிவாரணப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலை பள்ளிக்கூட ஆசிரியர்களான எங்கள் தலையில் விழுந்தது. குடும்பத் தலைவர் என்று ஒரேயொரு கோடு போட்டிருந்தது. வீட்டுக்கு உரித்தாளி மனைவி. கோட்டில் எழுதப்பட்டது கணவனின் பெயர். சில பெண்கள் தங்கள் வீட்டின் உரித்தை இப்படித்தான் ஒரு பேனைக் கோட்டில் இழந்தார்கள். குடும்பம் என்றால் யார் என்று முடிவுசெய்யும் அதிகாரம் படிவத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை அப்போது பார்த்தேன்.

அதனால்தானோ என்னவோ, ஈஸ்ட் கிளீவ்லண்டில் வாழ்ந்த ஐனஸ் மூர் என்ற பாட்டியின் வழக்கைப் படித்தபோது அதை விட்டு நகர முடியவில்லை. அந்த ஊரும் யூக்ளிட்டைப் போலவே கிளீவ்லண்டின் புறநகர்தான். அந்த அம்மாவின் வீட்டில் அவருடைய ஒரு மகனும், அந்த மகனின் பையனும், இன்னொரு மகனின் பையனும் இருந்தார்கள். இந்த இரண்டாவது பேரன் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவன். பாட்டி எடுத்து வளர்த்தார். 1973இல் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. அந்தப் பையன் இந்த வீட்டில் சட்டவிரோதமாகக் குடியிருப்பவன், அவனை வெளியேற்றுங்கள் என்று. தனிக் குடும்பம் என்றால் யார் யார் என்று அந்த ஊரின் சட்டம் பட்டியல் போட்டிருந்தது. பேரர்கள் இருவரும் ஒரு தாய் தகப்பனின் பிள்ளைகளாக இருந்திருந்தால் குற்றமில்லை. இரண்டு சகோதரர்களின் பிள்ளைகள் என்பதால் குற்றம். பாட்டி பையனை அனுப்பவில்லை. 5 நாள் சிறையும் 25 டொலர் தண்டமும் விதித்தார்கள்.

இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணன் தம்பிட பிள்ளையள் எண்டா காக்கா தம்பிதானே, அதில என்ன குத்தம்?" என்று கேட்டாள். சரிதான். எங்கள் பேச்சில் அந்த உறவுக்கு வேறு சொல்லே இல்லை. பெரிய வாப்பாவின் மகன் காக்கா, சின்ன வாப்பாவின் மகன் தம்பி. ஒரு பாட்டியைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது ஒரு மொழியில் இருக்கும் சொல், இன்னொரு மொழியில் இல்லாத சொல்.

வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய் 1977இல் பாட்டி வென்றார். 5க்கு 4. ஒரு வாக்கு இடறியிருந்தால் தோற்றிருப்பார். நெரிசல், வாகனங்கள், பாடசாலைகளின் சுமை என்று நகரசபை சொன்ன காரணங்களை இந்தச் சட்டம் மிகச் சொற்பமாகவே நிறைவேற்றுகிறது என்று நீதியரசர் பவல் எழுதினார். உண்மைதானே. ஒரு தாயின் வயிற்றில் பிறந்த ஆறு பையன்கள் இருந்தால் நெரிசல் இல்லையாம், இரண்டு தாய்க்குப் பிறந்த இருவர் இருந்தால் நெரிசலாம். நீதியரசர் பிரெனன், மார்ஷலும் உடன்பட, வெள்ளையரின் புறநகர் வாழ்க்கையை அளவுகோலாக வைத்து மற்றவர்களின் கூட்டுக் குடும்பங்களைக் குற்றமாக்க முடியாது என்ற கருத்தில் தனியாக எழுதினார். புலம்பெயர்ந்து வந்தவர்களும் கறுப்பின மக்களும் இப்படிச் சேர்ந்திருந்துதான் வறுமையைத் தாண்டினார்கள் என்பதை அவர் எடுத்துச்சொன்னார்.

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்திவிடலாம். பாட்டி நல்லவர், சட்டம் கெட்டது, எங்கள் கூட்டுக் குடும்பம் மேன்மையானது என்று. வாசிப்பவருக்கும் மனம் நிறைந்திருக்கும். ஆனால் இரண்டு விசயங்கள் இடறுகின்றன.

ஒன்று, அந்த நேரத்தில் ஈஸ்ட் கிளீவ்லண்ட் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழும் ஊராகிவிட்டிருந்தது. நகர நிர்வாகியும் ஆணைக்குழுவினரும் கறுப்பினத்தவர்களே. பாட்டிக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய நீதியரசர் ஸ்டுவர்ட் இதைச் சுட்டிக்காட்டினார். அதாவது, எந்த வேலியால் நேற்றுவரை வெளியே நிறுத்தப்பட்டார்களோ, உள்ளே வந்து சேர்ந்ததும் அதே வேலியை அவர்களும் பாதுகாத்தார்கள். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். பாடுபட்டுச் சேர்ந்த இடம் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் தெரியும்.

மற்றது, மூன்று வருடங்களுக்கு முன் 1974இல் அதே நீதிமன்றம் தந்த இன்னொரு தீர்ப்பு. நியூயோர்க் மாநிலத்தில், லோங் தீவில், பெல் டெர் என்று ஏறத்தாழ 700 பேர் வாழும் ஒரு சிற்றூர். இரத்தத்தாலோ திருமணத்தாலோ உறவில்லாதவர்கள் இருவருக்குமேல் ஒரு வீட்டில் இருக்கக்கூடாது என்பது அதன் விதி. அயலிலுள்ள பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் ஆறு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஊர் வென்றது. அமைதியான இடங்கள், குடும்ப வாழ்க்கை, இளையோரின் நலம் இவற்றை நாடுவது ஊருக்கு உரிய உரிமை என்று நீதியரசர் டக்ளஸ் எழுதினார். மனித உரிமைகளுக்காக வாழ்நாளெல்லாம் எழுதிய அதே டக்ளஸ்! மார்ஷல் மறுத்தெழுதினார்.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் சட்டம் சொல்வது இதுதான்: பேரனை விரட்டக் கூடாது, அந்நியனை விரட்டலாம். பாட்டியின் வெற்றியில் நாம் மகிழ்வது அவர் பாட்டி என்பதனால்தான். கேள்வியின் இலகுவான பாதி அது. கடினமான பாதியில் அந்நியன் நிற்கிறான்.

என் மகஜர் அவனைப் பற்றியது.

2013இல் எங்கள் வளவுக்குத் தெற்கே உள்ள காணிக்காரர் மத்திய கிழக்கில் உழைத்த பணத்தில் மூன்று மாடி கட்டத் தொடங்கினார். மேல் இரண்டு மாடிகளிலும் அறைகள், வாடகைக்கு விட. வெளியூரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வருபவர்கள் அப்போது அறை தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். ஒழுங்கையில் இருந்த ஐந்து வீட்டுக்காரர்கள் கூடினோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதனால் மகஜரை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மலசலகூடக் குழி எங்கள் கிணற்றுக்கு மிகக் கிட்ட வருகிறது; மணல் தரை, நீர்மட்டம் உயரம், கிணறு கெட்டுப்போகும். மழைத்தண்ணீர் வடிய இடமில்லை. ஒழுங்கை பத்தடி, அதில் லொறி வந்தால் ஜனாஸாகூட எடுத்துப் போக முடியாது. யன்னல்கள் பெண்கள் புழங்கும் பின்வளவைப் பார்க்கின்றன. இந்த நான்கும் எழுதியாயிற்று. ஐந்தாவதாக, ஊர்பேர் தெரியாதவர்கள் வந்து தங்குவார்கள், இன்றைக்கு ஒருவர் இருப்பார், நாளைக்கு யார் இருப்பார்கள் என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டேன்.

பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்து, குழியை மறுமூலைக்கு மாற்றுகிறேன், உங்கள் பக்கத்து யன்னல்களை உயர்த்திவிடுகிறேன் என்றார். நியாயப்படி எங்களுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது. கிணறும் யன்னலும் எங்களுடைய காரணங்களாக இருந்திருந்தால் அன்றோடு விசயம் முடிந்திருக்கும். மகஜரைத் திருப்பி எடுக்கவில்லை. மேல்மாடிகள் நின்றுபோயின.

இதில் வெட்கப்பட எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. உயர்தரம் படிப்பதற்கு மட்டக்களப்புக்குப் போனபோது, எந்த உறவும் இல்லாத ஒரு வீட்டின் முன்னறையில் இரண்டு வருடம் இருந்தவன் நான். அந்த ஒழுங்கைக்காரர்கள் மகஜர் எழுதியிருந்தால் நான் ஆசிரியனாகியிருக்க மாட்டேன்.

அப்படியென்றால் அயலவனுக்கு ஒரு சொல்லும் இல்லையா? யாரும் எதையும் கட்டலாமா? அப்படியும் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் இப்னு அர்ராமி என்ற கட்டட மேஸ்திரி இருந்தார். காழிகள் கட்டட வழக்குகளில் அவரைத்தான் பார்வையிட அனுப்புவார்கள். தன் அனுபவத்தையும் சட்ட அறிஞர்களின் தீர்ப்புகளையும் சேர்த்து ஒரு நூல் எழுதிவைத்தார். குளியல் கூடத்துப் புகை, போறணைச் சூடு, அடுத்த வீட்டைப் பார்க்கும் யன்னல் என்று வழக்குகள் அதில் நிறைய. எனக்குப் பிடித்தது ஆலை வழக்கு. பக்கத்து ஆலையால் சுவர் அதிர்கிறது என்று ஒருவர் முறையிடுகிறார். இல்லை என்கிறார் ஆலைக்காரர். ஒரு தாளைத் தொங்கவிட்டு அதன்மேல் காய்ந்த கொத்தமல்லி விதைகளைப் போட்டு ஆலையை ஓட்டிப் பார்க்கிறார்கள். விதைகள் குலுங்கினால் ஆலை நிற்க வேண்டும், குலுங்காவிட்டால் முறைப்பாடு நிற்க வேண்டும்.

எனக்கு இது பெரிய விசயமாகப் படுகிறது. ஆலைக்காரர் யார், எந்த ஊர், எத்தனை பேரோடு இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. தீங்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். வலயச் சட்டம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. தீங்கு வருமுன்னரே, வரக்கூடிய ஆளின் வகையை எழுதிவைத்துவிடுகிறது. என் மகஜரில் முதல் நான்கு காரணங்களுக்கும் கொத்தமல்லி வைத்துப் பார்க்கலாம். ஐந்தாவதற்கு எந்த விதையைப் போடுவது?

ஆனாலும் இந்த அளவுகோலும் முழுக்கப் போதாது என்று எலுமிச்சம்பழம் தந்த அம்மாவைப் பார்க்கும்போது தோன்றும். அவர் இழப்பது விதையைக் குலுக்காத ஒன்று. தெரிந்த முகங்கள், பின்னேர வெயில், ஐம்பது வருடத்துப் பழக்கம். ஒரு வீடு வந்தால் ஒன்றும் ஆகாது, பத்து வீடு வந்தால் தெரு வேறாகிவிடும். எந்த ஒரு வீட்டையும் குற்றம் சொல்ல முடியாது. அதோடு அவர் ஒரு வாக்கை நம்பிப் பணம் கொடுத்தவர். சட்டம் சொன்னது, இந்தத் தெரு இப்படியே இருக்கும் என்று. வாக்கை மீறுவது சின்ன விசயமல்ல. நான் இதற்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: அந்த வாக்கு கொடுக்கப்பட்டபோது அதன் விலையைச் செலுத்தப்போகிறவர்கள் அந்த அறையில் இருக்கவில்லை. பிறக்காதவர்கள், அந்த ஊருக்கு இன்னும் வராதவர்கள், அங்கே வேலை செய்துவிட்டு இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டி வேறு ஊருக்குத் தூங்கப்போகிறவர்கள். பிறரின் செலவில் கொடுத்த வாக்குக்கு எவ்வளவு பெறுமதி? அந்த அம்மாவுக்கு நேரே நின்று இதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சட்டங்கள் இப்போது இளகி வருகின்றன. மினியாபொலிஸ் நகரசபை 2018இல் தனிக் குடும்ப வலயத்தைக் கைவிட வாக்களித்தது. ஒரிகன் மாநிலம் 2019இல் சட்டம் போட்டு, பெரிய ஊர்களில் ஒரு காணியில் நான்கு வீடுவரை இடம்கொடுத்தது. கலிபோர்னியா 2016இலிருந்து அடுத்தடுத்து நிறைவேற்றிய சட்டங்களால் பின்வளவு வீடுகளுக்கு வழிவிட்டது. 2020இலிருந்து 800 சதுர அடிவரையான வீட்டை, பக்க வேலியிலும் பின்வேலியிலும் நான்கடி தள்ளிக் கட்டினால், உள்ளூராட்சி மன்றம் மறுக்க முடியாது. அயலவர்களைக் கூட்டி விசாரணை வைக்கவும் தேவையில்லை. விதிகளுக்கு அமைந்திருந்தால் 60 நாளுக்குள் அனுமதி கொடுக்க வேண்டும். மருமகனுக்கு இதில் பரம திருப்தி. "இனி ஆரும் ஒண்டும் செய்ய ஏலாது மாமா" என்றார். எனக்கு அது முழுக்க இனிக்கவில்லை. விசாரணை என்று வைத்தால் வருகிறவர்கள் ஏற்கெனவே வீடுள்ளவர்கள்தான், ஆகவே இல்லாதவனின் குரல் அங்கே கேட்காது என்பது சரி. அதற்காக, ஒரு கிழவியின் ஐம்பது வருடத்தின் அருகில் சுவர் எழுப்பும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விடலாமா? சட்டப்படி கேட்கத் தேவையில்லாததைக் கேட்க வேண்டிய கடமை எங்கே இருக்கிறது?

மகளிடம் சொன்னேன், "மகள், பிளானை எடுத்துக்கொண்டு போய் அவவுக்குக் காட்டு." மருமகனுக்கு அவ்வளவு விருப்பமில்லை. மகள் போனாள், நானும் கூடப் போனேன். குசினி மேசையில் கடதாசியை விரித்தாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் படுக்கையறைப் பக்கம் வரும் யன்னலை விரலால் தொட்டுக் காட்டினார். மகள் அதை மறுபக்கத்துக்கு மாற்றுவதாகச் சொன்னாள். கோப்பி தந்தார். புறப்படும்போது பழைய கேள்வியை அவர் திரும்பவும் கேட்டார், உங்கள் பெற்றோருக்குப் பிறகு அதில் யார் இருப்பார்கள் என்று. "தெரியாது" என்றாள் மகள். அந்த அம்மாவுக்கு வீடு பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஊருக்குத் திரும்பி வந்து பின்வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் தெற்கே அந்த வீடு தெரிகிறது. ஒரு மாடியோடு நிற்கிறது. மேல்தட்டில் தூண்களுக்கு விட்ட கம்பிகள் துருப்பிடித்து வளைந்துவிட்டன. ஒன்றில் காகம் கூடு கட்டியிருக்கிறது. ஒருநாள் அந்த மனிதரிடம் போய், மேலே கட்டுவதென்றால் கட்டுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேயிருக்கிறேன். குழி எந்த மூலையில் வரும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் நினைக்கிறேன்.